ராத்திரி 2 மணிக்கு குழந்தைக்கு ஜுரம், பேதின்னா வீட்ல என்ன பண்றது

குழந்தைக்கு உடம்பு சரியில்லாம போறது எப்பவும் ராத்திரியிலதான், அதுவும் சனிக்கிழமை ராத்திரி, தெருமுனை டாக்டர் கிளினிக்கை பூட்டிட்டு போனதுக்கு அப்புறம். அந்த நேரத்துல கூகுள்ல தேடினா ஒண்ணு பயமுறுத்தும், இல்லன்னா அஞ்சு பாட்டி வைத்தியம் சொல்லும். அதனால பகல்லயே, குழந்தை நல்லா விளையாடிட்டு இருக்கும்போதே தெரிஞ்சு வச்சுக்க வேண்டியதை மட்டும் எழுதுறேன். 3 மாசம் முடிஞ்சதுல இருந்து 5 வயசு வரைக்கும் உள்ள குழந்தைங்களுக்குத்தான் இது.

3 மாசம் முடியாத குழந்தைக்கு கீழ இருக்குற எதையும் வீட்ல ட்ரை பண்ணிட்டு உக்காராதீங்க. தெர்மாமீட்டர்ல 100.4 தொட்டாலே நேரா ஆஸ்பத்திரி, மழையா ராத்திரியான்னு பாக்க வேணாம். உடம்பு வழக்கத்துக்கு மாறா சில்லுன்னு இருந்து பால் குடிக்காம கிடந்தாலும் அதேதான், பச்சைக்குழந்தைக்கு பெரிய இன்ஃபெக்ஷன்ல சில நேரம் ஜுரமே வராது. இதுல தடுப்பூசி போட்ட அன்னைக்கும் மறுநாளும் வர்ற ஜுரம் மட்டும் கொஞ்சம் வேற. 6, 10, 14வது வாரம் போடுற ஊசிக்கு நிறைய குழந்தைங்களுக்கு உடம்பு சுடும், ஊசி போட்ட நர்ஸ் என்ன மருந்து எவ்வளவுன்னு சொன்னாங்களோ அதை அப்படியே குடுங்க. ஆனா பால் குடிக்கல, தொய்ஞ்சு கிடக்குன்னா ஊசி ஜுரம்தானேன்னு விட்றாதீங்க.

சரி, வீட்ல என்ன இருக்கணும். ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர், பாராசிட்டமால் சிரப், ஊசி இல்லாத 5 எம்எல் சிரிஞ்ச், நாலஞ்சு ஓஆர்எஸ் பாக்கெட் (பேதிக்கு தண்ணியில கலந்து குடுக்குற உப்பு, குளுக்கோஸ் பவுடர்), மூக்குக்கு விடுற உப்புத்தண்ணி சொட்டு மருந்து. அவ்வளவுதான். இதுக்கு மேல ஒரு டப்பா நிறைய பழைய சிரப் பாட்டில் சேத்து வச்சிருக்குறவங்க முதல்ல அதை காலி பண்ணுங்க. போன தடவை பாதியில நிறுத்துன ஆன்டிபயாடிக், பெரியவனுக்கு எழுதுன இருமல் மருந்து இதெல்லாம்தான் ராத்திரி தூக்க கலக்கத்துல கைக்கு வரும். தண்ணி கலந்து வைக்குற ஆன்டிபயாடிக் சிரப்புக்கு ஆயுசே ஒரு வாரம் பத்து நாள்தான், அது ஆறு மாசமா ஃப்ரிட்ஜ் கதவுல நின்னா அது மருந்தே இல்ல.

இன்னொண்ணு, குழந்தையோட வெயிட். இது போன்ல இருக்கணும், போன மாசம் பாத்த வெயிட். ஏன்னா குழந்தைங்களுக்கு மருந்து வயசை வச்சு இல்ல, வெயிட்டை வச்சு.

பாராசிட்டமால் கணக்கு

இதை நிதானமா படிங்க, இந்த கைட்லயே முக்கியமான இடம் இதுதான். பொதுவா ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம், அதுதான் ஒரு வேளைக்கு. 10 கிலோ குழந்தைன்னா 150 மில்லிகிராம். இது வரைக்கும் ஈஸி. சிக்கல் என்னன்னா கடையில எல்லா பாட்டிலும் ஒரே மாதிரி இருக்கும், உள்ள இருக்குற அளவு வேற வேற. ஒரு சிரப்ல 5 எம்எல்-க்கு 120 மில்லிகிராம் இருக்கும், இன்னொரு சிரப்ல அதே 5 எம்எல்-க்கு 250 இருக்கும், சின்ன குழந்தைங்களுக்கான சொட்டு மருந்துல ஒரு எம்எல்-லயே 100 இருக்கும். அப்போ அதே 10 கிலோ குழந்தைக்கு முதல் பாட்டில்ல 6 எம்எல் சொச்சம், ரெண்டாவதுல 3 எம்எல், சொட்டு மருந்துல ஒன்றரை எம்எல். "போன தடவை 6 எம்எல் குடுத்தோமே"ன்னு ஞாபகத்துல சொட்டு மருந்து பாட்டில்ல இருந்து 6 எம்எல் எடுத்தா அது 600 மில்லிகிராம், நாலு மடங்கு. ஈரல் கெட்டுப் போற அளவுக்கு போயிடும் இது. சொட்டு மருந்து சின்ன பாட்டில்ல வர்றதால அது வீரியம் கம்மின்னு நினைக்குறவங்க நிறைய பேர், நிஜத்துல அதுதான் இருக்குறதுலயே கெட்டியானது.

அதனால வீட்ல ஒரே ஒரு வகை பாட்டில்தான் வச்சுக்கணும். அடுத்த தடவை டாக்டர்கிட்ட போகும்போது "இந்த பாட்டில்ல என் குழந்தைக்கு எத்தனை எம்எல்"னு கேட்டு, அந்த பாட்டில் மேலயே மார்க்கர்ல தேதியோட எழுதி வைங்க. ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை வெயிட் ஏற ஏற மாத்தணும். சமையல் ஸ்பூன்ல அளக்காதீங்க, ஒவ்வொரு வீட்டு ஸ்பூனும் ஒவ்வொரு சைஸ், சிரிஞ்ச்தான் சரி. ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் நடுவுல 4 மணி நேரமாவது, 6 மணி நேரம்னா இன்னும் நல்லது, ஒரு நாளைக்கு 4 வேளைக்கு மேல வேணாம். குடுத்த நேரத்தை போன்ல டைப் பண்ணிடுங்க, வாட்ஸ்அப்ல புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் பாக்குற மாதிரி இருந்தா இன்னும் பெட்டர், ஏன்னா அவர் ஒரு வேளை குடுத்திருப்பார், தெரியாம பாட்டி ஒரு வேளை குடுத்திருப்பாங்க, இது எல்லா வீட்லயும் நடக்குறது. சளி மருந்துன்னு வாங்குற சில சிரப்லயும் பாராசிட்டமால் கலந்திருக்கும், லேபிளை படிச்சு பாக்காம ரெண்டையும் சேத்து குடுத்துடாதீங்க.

குடுக்குற விதமும் இருக்கு. மூக்கைப் பிடிச்சு பாலாடையில ஊத்துறது நம்ம வீடுகள்ல இன்னும் போகல, அது புரையேறி நுரையீரலுக்கு போயிடும். குழந்தையை நிமித்தி உக்கார வச்சு சிரிஞ்சை கன்னத்து உள்பக்கமா வச்சு கொஞ்சம் கொஞ்சமா விடுங்க, ஒவ்வொரு தடவையும் முழுங்க டைம் குடுங்க. சிரிஞ்ச் மூடியை முதல்லயே தூக்கி போட்டுடுங்க, அது தொண்டையில மாட்டிக்கும்.

தெர்மாமீட்டரை விட குழந்தையை பாருங்க

கையை நெத்தியில வச்சு பாத்து ஜுரம் சொல்றது அம்மாக்களுக்கு ஓரளவு சரியா வரும், ஆனா டாக்டர்கிட்ட சொல்ல ஒரு நம்பர் வேணும். அக்குள்ல வேர்வையை துடைச்சிட்டு, நுனி நடு அக்குள்ல படுற மாதிரி வச்சு, கையை ஒட்டி பிடிச்சுக்கிட்டு பீப் சத்தம் வர்ற வரைக்கும் விடணும். சட்டைக்கு மேல வச்சு பாக்குறது, குளிச்சு முடிச்ச உடனே பாக்குறது எல்லாம் கணக்குல வராது. அக்குள்ல 99.5-க்கு மேல போனா ஜுரம்னு எடுத்துக்கலாம்.

ஆனா நம்பர் எவ்வளவுன்னு பயப்படுறதை விட குழந்தை எப்படி இருக்குன்னு பாக்குறதுதான் முக்கியம். 103 இருக்கும், மருந்து குடுத்து ஒரு மணி நேரத்துல எழுந்து டிவி ரிமோட்டை தேடும், அந்த குழந்தையை வீட்ல வச்சு பாக்கலாம். 100 தான் இருக்கும், ஆனா கண்ணு சொக்கி, கூப்பிட்டா திரும்பாம, மடியில துணி மாதிரி கிடக்கும், அந்த குழந்தையைத்தான் தூக்கிட்டு ஓடணும். மருந்து குடுக்குறதே குழந்தைக்கு அனத்தல் குறைஞ்சு கொஞ்சம் சாப்பிடட்டும், தூங்கட்டும்னுதான், நம்பரை 98.6-க்கு கொண்டு வர இல்ல. தூங்குற குழந்தையை எழுப்பி மருந்து குடுக்க தேவையே இல்ல. மருந்து குடுத்தும் 102-ல இருந்து 101 தான் ஆச்சுன்னு புலம்புவாங்க, அது ஆனாலே போதும்.

ஜுரத்துல போர்வை போட்டு மூடி, ஸ்வெட்டர் குல்லா மாட்டி, ஃபேனை ஆஃப் பண்றது நம்ம ஊர் பழக்கம். வேணாம், சூடு வெளிய போக வழி இல்லாம இன்னும் ஏறும். ஒரு மெல்லிசு காட்டன் சட்டை, ஃபேன் ஓடலாம், ஏசியும் மிதமா ஓடலாம். குளிர்ல நடுங்குச்சுன்னா ஒரு மெல்லிய போர்வை, நடுக்கம் நின்னதும் எடுத்துடுங்க. துணி நனைச்சு துடைக்குறதுன்னா வெதுவெதுப்பான தண்ணியில, ஐஸ் தண்ணியில கூடாது, பச்சைத்தண்ணி பட்டதும் குழந்தை நடுங்கி உள்சூடு ஏறத்தான் செய்யும். குழந்தை பிடிக்காம கத்துச்சுன்னா துடைக்கவே வேணாம், மருந்தே போதும். சாப்பாட்டை கட்டாயப்படுத்தாதீங்க, ரெண்டு நாள் இட்லி உள்ள போகலன்னா ஒண்ணும் ஆகாது, தாய்ப்பாலும், 6 மாசம் தாண்டுன குழந்தைன்னா தண்ணி, கஞ்சி, மோரும் உள்ள போகணும். ஒண்ணுக்கு போறதை எண்ணுங்க, அதுதான் நம்ம மீட்டர். 6 மணி நேரம் 8 மணி நேரம் டயப்பர் காஞ்சே இருந்தா தண்ணி பத்தலன்னு அர்த்தம்.

வலிப்பு வந்தா

6 மாசத்துல இருந்து 5 வயசுக்குள்ள சில குழந்தைங்களுக்கு ஜுரம் ஏறும்போது வலிப்பு வரும், பெரியவங்க ஜன்னின்னு சொல்வாங்க. பாக்க உயிரே போற மாதிரி இருக்கும், கண்ணு மேல சொருகி கை கால் வெட்டி இழுக்கும், ஆனா பெரும்பாலும் ரெண்டு மூணு நிமிஷத்துல தானா நின்னுடும், மூளைக்கும் பாதிப்பு வராது. அந்த ரெண்டு நிமிஷத்துல நாம செய்யுற வேலைதான் ஆபத்து. கையில இரும்பு சாவி குடுக்காதீங்க, வாயில ஸ்பூன், விரல், துணி எதையும் திணிக்காதீங்க, நாக்கை முழுங்கிடும்னு சொல்றது பொய், நாக்கை யாராலயும் முழுங்க முடியாது. தரையில ஒருக்களிச்சு படுக்க வைங்க, வாயில இருக்குற எச்சி வாந்தி வெளிய வழியட்டும், கழுத்து சட்டையை தளர்த்துங்க, கடிகாரத்தை பாருங்க. தண்ணி ஊத்தாதீங்க, வாய் வழியா மருந்தும் வேணாம். 5 நிமிஷம் தாண்டுச்சுன்னாலோ, நின்னு திரும்ப வந்தாலோ 108-க்கு போன். வீட்ல இன்னொருத்தர் இருந்தா போன்ல வீடியோ எடுக்கச் சொல்லுங்க, கல் நெஞ்சுன்னு யாராவது சொல்வாங்க, சொல்லட்டும், டாக்டர் முதல்ல கேக்குறதே "எப்படி இழுத்துச்சு"ன்னுதான். முதல் தடவை வந்த வலிப்புன்னா நின்னுட்டாலும் அன்னைக்கே காட்டியே ஆகணும். பாராசிட்டமால் முன்கூட்டியே குடுத்தா வலிப்பு வராதுன்னு நம்பி அளவுக்கு மேல குடுக்குறவங்க இருக்காங்க, அது வலிப்பை தடுக்காது.

மழைக்கால ஜுரம்

தமிழ்நாட்டுல அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வர்ற ஜுரம்னா டெங்குவை மனசுல வச்சுக்கிட்டே பாக்கணும். பாராசிட்டமால்ல ஜுரம் இறங்கலன்னு மெடிக்கல் ஷாப்ல மெஃபெனமிக் ஆசிட், ஐபுப்ரூஃபென் சிரப்பை கேட்டு வாங்கி மாத்தி மாத்தி குடுக்குறது சகஜமாயிடுச்சு. டெங்குன்னா ரத்தக்கசிவை இது அதிகமாக்கும், டாக்டர் பாத்து சொல்லாம குடுக்கவே கூடாது. ஆஸ்பிரின் குழந்தைங்களுக்கு எந்த ஜுரத்துக்கும் வேணாம்.

டெங்குல ஏமாத்துற விஷயம் என்னன்னா, 3 நாள் 4 நாள் கழிச்சு ஜுரம் விட்டதும் அப்பாடான்னு நாம தளர்வோம், ஆபத்து ஆரம்பிக்குறதே அப்போதான். ஜுரம் விட்ட அடுத்த ஒண்ணு ரெண்டு நாள் குழந்தை தெம்பா ஆகணும். அதை விட்டுட்டு வயித்து வலின்னு அழுதா, நிக்காம வாந்தி எடுத்தா, கை கால் சில்லுன்னு ஆனா, மூக்கு ஈறுல ரத்தம் வந்தா, மலம் கருப்பா போனா, அன்னைக்கு ஆஸ்பத்திரியில இருக்கணும். பப்பாளி இலைச்சாறு, நிலவேம்பு குடுத்துட்டு இருக்கோம்னு வீட்ல உக்காந்திருக்குற நேரம் இல்ல அது.

சளி, இருமல்

சாதா சளி ஒரு வாரம் பத்து நாள் இருக்கும், மருந்து குடுத்தாலும் குடுக்காட்டியும். மூக்கடைச்சு பால் குடிக்க முடியலன்னா பால் குடுக்குறதுக்கு கொஞ்சம் முன்னாடி உப்புத்தண்ணி சொட்டு ரெண்டு ரெண்டு விடுங்க, அவ்வளவுதான் வேணும். ஒரு வயசு தாண்டுன குழந்தைக்கு தூங்குறதுக்கு முன்னாடி அரை ஸ்பூன் தேன் இருமலுக்கு நல்லாவே கேக்கும். ஒரு வயசுக்குள்ள தேன் நாக்குல தடவக்கூட கூடாது, சேனை வைக்குறதா இருந்தாலும் சரி, தேன்ல ஒரு கிருமியோட விதை இருக்கும், சின்ன குழந்தை குடல்ல அது நரம்பை முடக்குற விஷத்தை உண்டாக்கும்.

இருமல் சிரப்பை பத்தி இனிமே யாரும் வாதாட வேண்டியது இல்லன்னு நினைக்குறேன். 2025-ல மத்தியப் பிரதேசம் சிந்த்வாரா பக்கம் இருமல் மருந்து குடிச்ச குழந்தைங்க கிட்னி செயலிழந்து வரிசையா இறந்தாங்க, அந்த மருந்து தயாரானது நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்துல, அதுல டைஎத்திலீன் கிளைக்கால்ங்குற விஷம் இருந்துச்சு. அந்த சமயத்துல மத்திய சுகாதாரத் துறையும் 2 வயசுக்குள்ள இருமல் சளி மருந்தே வேணாம், 5 வயசு வரைக்கும் பொதுவா பரிந்துரைக்கிறது இல்லன்னு அறிவுறுத்துச்சு. கலப்படம் இல்லாத சுத்தமான சிரப்பாவே இருந்தாலும் இந்த வயசுல பெருசா பிரயோஜனம் கிடையாது, தூக்கம் வரும், அதை நாம குணம்னு நினைச்சுக்குறோம்.

அப்புறம் கற்பூரம். தேங்காய் எண்ணெயை காய்ச்சி கற்பூரம் போட்டு நெஞ்சுல முதுகுல தேய்க்காத வீடே இல்ல, மாமியார்கிட்ட இதை வேணாம்னு சொல்றது எவ்வளவு கஷ்டம்னும் தெரியும். ஆனா கற்பூரம் சின்ன குழந்தைங்களுக்கு தோல் வழியா, மூச்சு வழியா உள்ள போனாலே வலிப்பை வரவைக்கலாம், வாயில போனா கொஞ்சமே போதும். 2 வயசு வரைக்கும் கற்பூரமும் வேணாம், கற்பூரம் கலந்த தைலமும் வேணாம். வெறும் தேங்காய் எண்ணெய் தேய்ச்சுக்கட்டும், பாட்டி மனசும் கோணாது. பாத்திரத்துல ஆவி பிடிக்க வைக்குறதும் வேணாம், கொதிக்குற தண்ணி கவிழ்ந்து வெந்து போறதுதான் அதிகம்.

நெஞ்சுல கர் கர்னு சத்தம் கேக்குதேன்னு பயப்படாதீங்க, பாதி நேரம் அது மூக்கு சளி. எண்ண வேண்டியது மூச்சை. குழந்தை தூங்கும்போது, ஜுரம் இறங்கி இருக்கும்போது, சட்டையை தூக்கிட்டு வயிறு ஏறி இறங்குறதை ஒரு முழு நிமிஷம் எண்ணுங்க, அரை நிமிஷம் எண்ணி ரெண்டால பெருக்காதீங்க. 2 மாசத்துல இருந்து ஒரு வயசு வரைக்கும் 50 இல்ல அதுக்கு மேல, ஒரு வயசுல இருந்து 5 வயசு வரைக்கும் 40 இல்ல அதுக்கு மேல இருந்தா அது வேகமான மூச்சு, நிமோனியாவா இருக்கலாம், அன்னைக்கே டாக்டர். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்கு கீழ குழி விழுந்தா, உதடு நீலமா ஆனா, எண்ணிட்டு நிக்காம கிளம்புங்க.

பேதி, வாந்தி

வயித்தால போகும்போது குழந்தையை கொல்றது பேதி இல்ல, உடம்புல இருந்து போற தண்ணியும் உப்பும். அதை திருப்பி உள்ள ஊத்துனா போதும்ங்குறதுதான் ஓஆர்எஸ். 1971-ல வங்கதேச அகதிகள் முகாம்ல காலரா பரவி சலைன் பாட்டில் தீர்ந்து போனப்போ டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ் கரைசலை வாய் வழியாவே குடுக்க வச்சு ஆயிரக்கணக்கான பேரை காப்பாத்துனார், அதே விஷயம்தான் இன்னைக்கு நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசமா குடுக்குறாங்க.

கலக்குறதுல தப்பு பண்ணாதீங்க. பெரிய பாக்கெட் 20.5 கிராம் இருக்கும், அது ஒரு லிட்டர் தண்ணிக்கு, முழு பாக்கெட்டும் ஒரே நேரத்துல. ஒரு டம்ளருக்கு கண் அளவுல கொஞ்சம் கொட்டி கலக்குறதுதான் வழக்கமா நடக்குறது, அப்படி கெட்டியா போனா உப்பு ஏறி குழந்தைக்கு ஆபத்து, தண்ணியா போனா பிரயோஜனம் இல்ல. 200 எம்எல்-க்கான சின்ன பாக்கெட்டும் கிடைக்குது, கைக்குழந்தை இருக்குற வீட்டுக்கு அதுதான் வசதி. காய்ச்சி ஆறுன தண்ணியில கலந்து, 24 மணி நேரத்துல மிச்சத்தை கொட்டிடுங்க. திரும்ப சூடு பண்ணாதீங்க, சர்க்கரை சேக்காதீங்க.

டெட்ரா பாக்கெட்ல ஆப்பிள் ஆரஞ்சு ஃப்ளேவர்ல வர்றதை ஓஆர்எஸ்னு நம்பி வாங்குனவங்க கோடி பேர் இருப்பாங்க, அதுல சர்க்கரை பல மடங்கு, பேதியை இன்னும் கூட்டும். ஹைதராபாத் குழந்தைகள் டாக்டர் சிவரஞ்சனி சந்தோஷ் பல வருஷம் போராடுனதுக்கு அப்புறம் 2025 அக்டோபர்ல மத்திய அரசோட உணவு பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ, இந்த மாதிரி பானங்களுக்கு ஓஆர்எஸ்ங்குற பேரையே போடக்கூடாதுன்னு உத்தரவு போட்டுச்சு. கடையில கேக்கும்போது "டபிள்யூஹெச்ஓ ஃபார்முலா பவுடர்"னு கேளுங்க.

எவ்வளவுன்னா, 2 வயசுக்குள்ள ஒவ்வொரு தடவை தண்ணியா போனதுக்கு அப்புறமும் 50-ல இருந்து 100 எம்எல், அதுக்கு மேல உள்ள குழந்தைக்கு 100-ல இருந்து 200. டம்ளரோட குடுத்தா மடமடன்னு குடிச்சிட்டு அப்படியே வாந்தி எடுக்கும். ஸ்பூன் ஸ்பூனா, ஒரு ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன். வாந்தி எடுத்துச்சா, 10 நிமிஷம் விட்டு திரும்ப இன்னும் மெதுவா. ராத்திரி முழுக்க ஒருத்தர் மாத்தி ஒருத்தர் உக்காந்து ஸ்பூன் பிடிக்குறதுதான் இதுல உண்மையான வைத்தியம், போரடிக்கும், ஆனா ட்ரிப்ஸ் போடாம தப்பிக்குறது இதனாலதான். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. 6 மாசம் தாண்டுன குழந்தைக்கு உப்பு போட்ட அரிசிக் கஞ்சி, மோர், இட்லி, தயிர் சாதம், வாழைப்பழம் எல்லாம் குடுக்கலாம், வயித்துக்கு ரெஸ்ட்னு பட்டினி போடாதீங்க. குளுக்கோஸ் தண்ணி, சோடா, பாக்கெட் ஜூஸ் வேணாம். கூடவே ஜிங்க், 6 மாசத்துக்கு மேல தினம் 20 மில்லிகிராம் 14 நாள், பேதி மூணாவது நாளே நின்னாலும் 14 நாளும் குடுக்கணும், இது மட்டும் நிறைய பேர் பாதியில விட்றாங்க. பேதியை நிறுத்துற லோபராமைடு மாத்திரையை பாதியா உடைச்சு குடுக்குறது குழந்தைங்களுக்கு ரொம்ப ஆபத்து.

பல் முளைக்குறதால பேதி போகுதுன்னு சொல்லி மூணு நாள் தள்ளிப் போடுறவங்க உண்டு. பல் முளைச்சா எச்சி ஒழுகும், கண்டதை வாயில வைக்கும், அந்த கண்டதுல இருந்து பேதி வரும். குடல் தட்டுறது, தொக்கம் எடுக்குறது, பறவை தோஷம்னு மந்திரிக்குறது இதுக்கெல்லாம் தூக்கிட்டு போய் அரை நாள் வீணாக்குனா அந்த அரை நாள்ல குழந்தை வத்திப் போயிடும். அழுதா கண்ணீர் வரல, கண்ணு உள்ள போயிடுச்சு, உச்சிக்குழி பள்ளமா இருக்கு, வயித்துத் தோலை கிள்ளி விட்டா மெதுவாத்தான் திரும்புது, மலத்துல ரத்தம், குடிக்குறது எல்லாம் வாந்தி, இதுல ஏதாவது ஒண்ணு இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு கிளம்புங்க, வழியில ஓஆர்எஸ்ஸை ஸ்பூன்ல குடுத்துக்கிட்டே போங்க.

ஆஸ்பத்திரிக்கு கிளம்பும்போது குடுத்த மருந்து பாட்டிலையே பையில போட்டுக்கோங்க, "சிவப்பு கலர் சிரப்"னு சொன்னா அங்க யாருக்கும் புரியாது. எப்போ ஆரம்பிச்சுது, எவ்வளவு ஜுரம், கடைசியா எத்தனை மணிக்கு எத்தனை எம்எல், எத்தனை தடவை பேதி, கடைசியா ஒண்ணுக்கு போனது எப்போ, வெயிட் எவ்வளவு, இதை போன்ல பாத்து வரிசையா சொல்லுங்க. தடுப்பூசி அட்டை, ரெண்டு டயப்பர், ஒரு மாத்து சட்டை. டாக்டர் வீட்டுக்கு அனுப்பிட்டா கிளம்புறதுக்கு முன்னாடி "எது நடந்தா திரும்ப கூட்டிட்டு வரணும்"னு கேட்டு அதையும் எழுதிக்கோங்க.